எந்த வகை டெங்கு என்று சொல்லுங்கள்

வடசென்னையின் கொசு ஒழிப்புக்கும் காய்ச்சல் கண்காணிப்புக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். வியாசர்பாடியில் எங்கள் தெருச் சுவர்களில் இந்த ஆண்டும் டெங்கு துண்டறிக்கையை ஒட்டிவிட்டீர்கள். கொட்டாங்கச்சி, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு, நிலவேம்புக் குடிநீர் எல்லாம் அதில் இருக்கின்றன. சென்ற ஆண்டு ஒட்டியதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, காகிதம் புதிது என்பதுதான். இப்போது இங்கே சுற்றிக்கொண்டிருப்பது எந்த வகை டெங்கு என்ற தகவல் மட்டும் இதிலும் இல்லை.

டெங்கு கிருமியில் நான்கு வகை உண்டு என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வகை வந்து போனால், அந்த வகை ஆயுளுக்கும் அண்டாது. மற்ற மூன்றுக்கும் எதிராக அது தரும் பாதுகாப்பு சில மாதங்களில் கரைந்துவிடும். பிறகு வேறொரு வகை தாக்கினால், முதல் காய்ச்சலில் உடல் உண்டாக்கிய எதிர்ப்புப் பொருளே புதிய கிருமி செல்லுக்குள் நுழையத் துணைபோகக்கூடும். இரண்டாவது டெங்கு ஆபத்தானது என்று மருத்துவர்கள் அஞ்சுவது இதனால்தான்.

எங்கள் பக்கத்து வீட்டுச் சிறுமி ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே டெங்கு வந்திருந்தது. அம்மை போல, ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்று அவள் அம்மா நம்பியிருந்தார். அப்படியில்லை என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. இம்முறை நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியதும் அந்த வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அன்று மாலையே வயிற்றுவலி, வாந்தி. கைகால் சில்லிட்டுப் போயின. காய்ச்சல் விடும் நேரமே கண்டம் என்பது ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் அந்தத் தாய்க்குத் தெரிந்தது. ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை எழுதிய சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, “போன தடவை வந்ததும் இதுவும் ஒன்றுதானா?” என்று எதிர்ப்பட்டவர்களையெல்லாம் கேட்டார். சீட்டில் “டெங்கு பாசிட்டிவ்” என்று மட்டும் இருந்தது. பெண் பிழைத்துக்கொண்டாள். கேள்விக்கு விடைதான் இன்றுவரை கிடைக்கவில்லை.

“எந்த வகையானாலும் சிகிச்சை ஒன்றுதான், தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று உங்கள் ஊழியர் ஒருவர் கேட்டார். படுக்கையில் கிடக்கும் குழந்தைக்கு அது பொருந்தும். அடுத்த தெருவுக்குப் பொருந்தாது. பல ஆண்டுகளாகச் சுற்றிவந்த வகை பின்வாங்கி, வேறொன்று மேலெழுகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால், முன்பு டெங்கு வந்தவர்களை எச்சரிக்கலாம். ஆஸ்பத்திரிகளும் படுக்கைகளோடு தயாராக இருக்கலாம். 2020-இல் டெங்கு-3 பெருகத் தொடங்கியபோது சிங்கப்பூர் அரசு அதை மக்களிடம் வெளிப்படையாகச் சொன்னது. அவ்வளவு தூரம் போவானேன், வேலூரில் 1960-களிலேயே நான்கு வகைகளையும் பிரித்துக் கண்டறிந்திருக்கிறார்கள். நாட்டில் 2012 வரை முதல் வகையும் மூன்றாம் வகையும் மேலோங்கியிருந்தன, பிறகு இரண்டாம் வகை பரவியது, தென்னிந்தியாவில் நான்காம் வகை காலூன்றுகிறது என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 2023-இல் சொன்னார்கள். நாட்டு நிலவரத்தை இப்படிப் படிக்க முடிகிறது. எங்கள் வார்டு நிலவரம் மட்டும் ஏன் ராணுவ ரகசியம்?

ரகசியம் காப்பதில் காட்டும் அக்கறை அபராதம் போடுவதிலும் இருக்கிறது. டிரம்மில் புழு இருந்ததென்று எதிர்வீட்டுப் பாட்டிக்கு அபராதச் சீட்டு கொடுத்தார்கள். குழாயில் தினமும் தண்ணீர் வந்தால் பாட்டி ஏன் டிரம்மில் பிடித்து வைக்கப் போகிறார்? அவர் வாசலுக்கு நேரே வடிகாலுக்காகத் தோண்டிப் போட்ட பள்ளத்தில் மழைநீர் தேங்கிக் கிடக்கிறது. அதற்கு யாரிடம் சீட்டு கொடுப்பது? பகலில் கடிக்கும் கொசுவுக்கு இருட்டிய பிறகு புகை அடிக்கிறீர்கள். அந்தப் புகை தண்ணீரிலிருக்கும் புழுவைக் கொல்லாது என்பதும் உங்களுக்குத் தெரியும். தெருவே இருமுகிறது, கொசு மறுநாள் காலை வேலைக்கு வந்துவிடுகிறது.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். காய்ச்சல் முகாம்களில் எடுக்கும் ரத்த மாதிரிகளில் ஒரு பகுதியையாவது வகை கண்டறியும் பரிசோதனைக்கு அனுப்புங்கள். யாருடைய பெயரும் வேண்டாம். எந்தப் பகுதியில் எந்த வகை மிகுந்திருக்கிறது என்று மாதம் ஒருமுறை நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையப் பலகையில் எழுதிப் போடுங்கள். கடந்த ஆண்டுகளின் விவரம் கோப்பில் இருந்தால் அதையும் சேர்த்து வெளியிடுங்கள். முன்பு தன் பிள்ளைக்கு வந்தது எதுவாக இருந்திருக்கும் என்று ஒரு தாய் ஊகிக்கவாவது அது உதவும். எந்த வகை என்று சொல்லுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்கு முன்பே முதல் பட்டியல் பலகைக்கு வர ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வியாசர்பாடிவாசி ஒருவர்