பழைய அர்த்தம்தான் சரின்னா கென் கதைய கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல மொழி பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். ஒரு சொல்லுக்கு ஆதியில என்ன அர்த்தமோ அதான் சரி, அப்புறம் வந்ததெல்லாம் கொச்சைன்னு எழுதியிருந்தாங்க, நாற்றம்னா முதல்ல நறுமணம்தான்னு உதாரணம் வேற. வாஸ்தவம்தான், ஆனா எழுதினவர் இன்னைக்கு வீட்ல சாப்பிட உக்காந்து சாம்பார் நல்லா நாறுதேன்னு சொல்லிப் பாக்கட்டும், ராத்திரிக்கு சோறு கிடைக்குதான்னு பாப்போம்.

நான் இருக்கிறது தென்னாப்பிரிக்காவுல, குவாசுலு நட்டால் மாகாணத்துல டண்டீங்கிற ஊரு. நிலக்கரி சுரங்க ஊரு, 1913ல நம்ம ஆளுங்க சுரங்கத்துல வேலைநிறுத்தம் பண்ணாங்களே அந்த பக்கம்தான். இங்க வந்து குடியேறின ஸ்காட்லாந்துக்காரங்க அவங்க நாட்டு டண்டீ பேரையே இதுக்கு வச்சுட்டாங்க, பக்கத்துல இருக்கிற க்ளென்கோவும் அப்படி வந்த பேருதான். அதனால அவங்களோட பழைய ஸ்காட்ஸ் பாஷை மேல எனக்கு எப்பவும் ஒரு கண்ணு.

அதுல கென்னு ஒரு வினைச்சொல் இருக்கு. இப்போ ஸ்காட்லாந்துல யாரை கேட்டாலும் கென்னா தெரியும்னு சொல்லுவாங்க, அவ்வளவுதான். ஆனா 1700க்கு முந்தின எழுத்துல பாத்தா இந்த ஒரே சொல்லு என்னென்னமோ வேலை பாத்திருக்கு. ஒருத்தருக்கு சேதிய தெரிவிக்கிறது கென், பாடம் சொல்லிக் குடுக்கிறது கென், வழி தெரியாதவனுக்கு வழி காட்டுறதும் கென். மூஞ்சிய பாத்து இன்னார்னு அடையாளம் கண்டுக்கிறது, ஒருத்தரோட உரிமைய ஒத்துக்கிறது, இதுக்கும் அதே கென்தான். இதுல பழசு எதுன்னா தெரிவிக்கிறதுதான், பழைய ஆங்கிலத்துலயே அந்த சொல்லு தெரிய வைக்கிறதுங்கிற அர்த்தத்துலதான் இருந்துச்சு, நாம தெரி தெரிவின்னு சொல்றோம்ல அந்த மாதிரி. அப்போ கட்டுரை கணக்குப்படி இன்னைக்கு எனக்கு தெரியும்னு கென் போடுற ஸ்காட்லாந்துக்காரன் எல்லாம் தப்பா பேசுறானா? சிரிப்பாங்க.

எனக்கு ரொம்ப புடிச்சது கோர்ட்டு கென். ஸ்காட்லாந்து பழைய சட்டத்துல புருஷன் செத்துட்டா அவர் பேர்ல இருந்த நிலத்துல மூணுல ஒரு பங்க அந்தம்மா உயிரோட இருக்கிற வரைக்கும் அனுபவிக்கலாம், டெர்ஸ்னு பேரு. ஆனா சட்டம் இருந்தா போதாது, ஷெரீஃப், அதாவது அங்க இருக்கிற உள்ளூர் நீதிபதி, முறைப்படி அந்தம்மாவ அந்த பங்குக்கு கென் பண்ணணும், அதாவது உன் பங்கு இதுதான்னு நிலத்துல அளந்து காட்டணும். எந்த பக்கத்துல இருந்து அளக்க ஆரம்பிக்கிறது, வெயில் பக்கமா நிழல் பக்கமா, அதாவது கிழக்கா மேற்கான்னு முதல்ல சீட்டு குலுக்குற மாதிரி போட்டு பாப்பாங்க. அப்புறம் முதல் ரெண்டு ஏக்கர் வாரிசுக்கு, மூணாவது ஏக்கர் விதவைக்கு, மறுபடி ரெண்டு, மறுபடி ஒண்ணுன்னு அப்படியே கடைசி வரைக்கும் போவாங்க. இப்படி கென் ஆகாம அந்தம்மாவால அந்த நிலத்து குத்தகைக்காரங்கள வெளியேத்த முடியாது. அந்த டெர்ஸ் உரிமையையே 1964ல சட்டம் போட்டுதான் எடுத்தாங்க, அதுக்கு பதிலா புது வாரிசு உரிமை குடுத்துட்டாங்க. ஒரு வினைச்சொல்லுக்குள்ள ஒரு பொம்பளையோட சோறே இருந்திருக்கு பாருங்க.

இங்க பிள்ளைங்க ஸ்கூல்ல டச்சுல இருந்து வந்த ஆஃப்ரிகான்ஸ் பாஷை படிக்குதுங்க, அதுலயும் கென் இருக்கு. ஆளை தெரியும்னா கென், விஷயம் தெரியும்னா வேற சொல்லு, மாத்தி போட்டா டீச்சர் சிவப்பு பேனாவ எடுத்துருவாங்க. ஸ்காட்ஸ்ல பழைய காலத்துல விஷயத்துக்கு தனியா விட்னு ஒரு சொல்லு இருந்துச்சு, போகப்போக கென்னே ரெண்டு வேலையையும் எடுத்துக்கிச்சு. ஒரே வம்சத்து சொல்லு, ஒரு ஊர்ல தப்பு இன்னொரு ஊர்ல சரி.

இதெல்லாம் நமக்கு எப்படி தெரியுதுன்னா பழைய ஸ்காட்ஸ் அகராதின்னு ஒண்ணு போட்டு வச்சிருக்காங்க. ஆரம்பிச்சவர் வில்லியம் க்ரெய்கி, 1867ல பொறந்தவர், அவர் பொறந்த ஊரும் டண்டீதான், அசல் டண்டீ. முதல் பகுதி 1931ல வந்துச்சு, முடிஞ்சது 2002ல, மொத்தம் 12 வால்யூம். அவர் 1957ல இறந்தப்போ பாதி கூட தாண்டல. 1700க்கு அப்புறம் உள்ள சொல்லுக்கு தனியா 10 வால்யூம், ரெண்டையும் சேத்து இப்போ ஆன்லைன்ல காசில்லாம பாக்கலாம். கவிதைய மட்டும் பாத்து எழுதல, கோர்ட்டு பதிவு, ஊர் கணக்கு நோட்டு, சாதாரண கடுதாசி எல்லாத்துலயும் இருந்து வரி வரியா வருஷத்தோட எடுத்து போட்டிருக்காங்க. எது சரி எது தப்புன்னு யாரையும் மிரட்டல, இந்த வருஷம் இப்படி எழுதியிருக்கான்னு காட்டிட்டு போயிட்டே இருக்காங்க.

நம்ம கதைக்கு வர்றேன். 1860ல இருந்து 1911 வரைக்கும் ஒப்பந்தக் கூலியா நட்டாலுக்கு வந்த நம்ம நாட்டுக்காரங்க ஒண்ணரை லட்சத்துக்கு மேல, அதுல பெரும்பாலானவங்க மெட்ராஸ்ல கப்பல் ஏறினவங்க. அவங்க பேசின தமிழ் இங்க சில பெரியவங்க வாயிலதான் மிச்சம் இருக்கு. ஊர்ல இருந்து வர்ற சொந்தக்காரங்களும் பேச்சாளருங்களும் அதை கேட்டுட்டு இது தப்பு தமிழ் பாட்டி, இப்படி சொல்லணும்னு திருத்துறாங்க, பாட்டிங்க அதோட வாய மூடிக்கிறாங்க, அப்புறம் பேரப்பிள்ளைங்ககிட்ட இங்கிலீஷ்தான். உங்க கட்டுரை மாதிரி எழுதுறது இந்த ஆளுங்களுக்கு நல்லா தீனி போடுது, அதான் எனக்கு கோவம்.

இங்க பேசுற இந்திய இங்கிலீஷுக்கு மொழியியல் பேராசிரியர் ரஜேந்த் மெஸ்த்ரி அகராதியே போட்டுட்டாரு, அதுல நம்ம தமிழ் சொல்லு எவ்வளவோ இருக்கு. தமிழ் வினைச்சொல்லுக்கு அந்த மாதிரி ஒரு வேலை நடக்கணும்னா கோயில் கமிட்டி மினிட்ஸ் நோட்டு, கல்யாண மொய் நோட்டு, கல்லறைல வெட்டின வரி, ஊருக்கு போட்ட கடுதாசி, இதையெல்லாம் யாராச்சும் கேட்டு வாங்கணும். உங்க ஞாயித்துக்கிழமை இணைப்புல அரை பக்கம் ஒதுக்கினா போதும், டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், நியூகாசில் எல்லா பக்கத்துல இருந்தும் அனுப்புவாங்க. ஒரே ஒரு நிபந்தனை, வர்றத திருத்தாம, எழுத்துப்பிழையோட, வருஷத்தோட அப்படியே போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், டண்டீ, தென்னாப்பிரிக்கா