செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: படிக்கட்டும் மொட்டை மாடிக் கதவும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, திருவல்லிக்கேணியில் நம் சந்தில் வாழும் சங்க உறுப்பினர்களே, வணக்கம்.

இவ்வாண்டு செயற்குழு ஒன்பது முறை கூடியது. தெருவிளக்கு, கழிவுநீர் அடைப்பு, குப்பைத் தொட்டி குறித்து எழுதிய கடிதங்களும் வந்த பதில்களும் கோப்பில் இருக்கின்றன. இந்த அறிக்கையை ஐப்பசி மாதத்து ஓர் இரவுக்கே பெரும்பாலும் ஒதுக்குகிறேன்.

நம் சந்தில் உள்ள ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடம் ஒரு காலத்தில் ஒரு குடும்பத்துக்காகக் கட்டப்பட்டது. இன்று பலகைத் தடுப்பு வைத்துப் பிரித்த அறைகளில் முப்பதுக்கும் மேற்பட்ட இளைஞர்கள் தங்கியிருக்கிறார்கள். விடுதி நடத்த அனுமதி இல்லை. படிக்கட்டின் அடியில் மீட்டர் பெட்டி, அதை ஒட்டி வரிசையாக இரு சக்கர வாகனங்கள். இரவு பதினொன்றரை மணிக்குப் பெட்டியில் பற்றிய தீ ஒரு வண்டியின் சீட்டுக்குத் தாவியது. தீ சிறியதுதான், ஆனால் புகை போகப் படிக்கட்டைத் தவிர வேறு வழி இல்லை. கீழே இறங்க முடியாமல் பையன்கள் மொட்டை மாடிக்கு ஓடினார்கள். கதவு பூட்டியிருந்தது. சாவி வாட்ச்மேனிடம், அவரோ வீட்டுக்குப் போயிருந்தார். உடற்பயிற்சிக்கு வைத்திருந்த டம்பெல்லால் பூட்டை உடைத்து வெளியே வந்தார்கள். யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை.

மறுநாள் காலை எலக்ட்ரீஷியனோடு அந்தப் பெட்டியைப் பார்த்தேன். பியூஸ் கட்டையில் மெல்லிய கம்பிக்குப் பதிலாக நான்கைந்து செம்பு இழைகளை முறுக்கிப் போட்டிருந்தார்கள். அடிக்கடி பியூஸ் போகிறதே என்று யாரோ செய்த வேலை. போக வேண்டிய பியூஸ் போகவில்லை, வயர் எரிந்தது.

அதற்குச் சில வாரங்கள் முன்புதான், செப்டம்பர் 12 அன்று, மதுரை கட்ராபாளையத்தில் மகளிர் விடுதித் தீவிபத்தில் பெண்கள் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூனில் குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்தபோது தமிழகத்தைச் சேர்ந்த ஏழு பேரை இழந்தோம். 2022இல் செகந்திராபாத்தில் கீழே மின் ஸ்கூட்டர் ஷோரூம், மேலே தங்கும் விடுதி. எட்டு பேர் இறந்தார்கள். 2019 டிசம்பரில் டெல்லி அனாஜ் மண்டியில், வேலை செய்த இடத்திலேயே உறங்கியவர்களில் 43 பேர் மாண்டார்கள். தீ தொடும் முன்பே புகையால் மூச்சுத் திணறி இறந்தவர்களே அவர்களில் மிகுதி.

அனுமதி இல்லாத கட்டடத்தில் நாம் பாதுகாப்பு வேலை செய்தால் அதை ஏற்றுக்கொண்டதாக ஆகாதா என்று மூத்த உறுப்பினர் ஒருவர் செயற்குழுவில் கேட்டார். நியாயமான கேள்வி. நாளையே சீல் வைத்தாலும் அந்தப் பையன்கள் ஊருக்குத் திரும்பப் போவதில்லை. இதைவிட மோசமான அறையைத் தேடிக்கொள்வார்கள். முறையான அனுமதிக்கு ஆண்டுகள் ஆகலாம். அவர்கள் இன்றிரவும் அங்கேதான் தூங்குகிறார்கள். ஆகவே, இது இடைக்கால ஏற்பாடு மட்டுமே, அனுமதிக்கு மாற்று அன்று என்று உரிமையாளர்களிடம் எழுதி வாங்கிய பிறகே வேலையைத் தொடங்கினோம்.

இப்படிப்பட்ட கட்டடங்கள் நம் சந்தில் பதினொன்று. எட்டின் உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டார்கள். முதல் வேலைக்குக் காசே தேவைப்படவில்லை: படிக்கட்டின் அடியிலிருந்த வண்டிகளை வெளியே எடுத்தோம். மொட்டை மாடிக் கதவுகளில் பூட்டை நீக்கி, உள்ளிருந்து கையால் திறக்கும் தாழ்ப்பாள் போட்டோம். திருட்டுப் பயம் சொன்னவர்களிடம், வெளியிலிருந்து அந்தத் தாழ்ப்பாளைத் திறக்க முடியாது என்பதைச் செய்தே காட்டினேன். பழைய பியூஸ் கட்டைகளுக்குப் பதில், மின்சாரம் அளவுக்கு மீறிப் பாய்ந்தால் தானே அணையும் எம்.சி.பி.யும், மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் வைத்தாயிற்று. மாடிதோறும் பேட்டரியில் ஓடும் புகை அலாரம், அவசர விளக்கு, ஆறு கிலோ தூள் வகைத் தீயணைப்பான் ஆகியவை உள்ளன. அறைக்குள் சமையல் சிலிண்டர் கூடாது என்ற விதியைத்தான் இன்னும் முழுமையாக நடைமுறைப்படுத்த முடியவில்லை. பசியோடு வேலையிலிருந்து வருபவரிடம் கண்டிப்பாகப் பேச எனக்கே மனம் வரவில்லை. கீழ்த்தளத்தில் பொதுச் சமையலிடம் அமைத்த இரண்டு கட்டடங்களில் அந்தச் சிக்கல் தீர்ந்துவிட்டது.

தை மாதம் தீயணைப்பு வீரர்கள் வந்து ஒத்திகை நடத்தினார்கள். விளக்குகளை அணைத்துவிட்டு, சுவரைத் தடவியபடி குனிந்து இறங்கச் சொன்னார்கள். நானும் இறங்கினேன். தினமும் ஏறி இறங்கும் படிதான், ஆனால் திருப்பத்தில் எத்தனை படி என்பது இருட்டில்தான் தெரிந்தது. இப்போது படி விளிம்புகளில் ஒளிரும் பட்டை ஒட்டியிருக்கிறோம்.

மொத்தச் செலவு ரூ.1,38,400. பாதியை உரிமையாளர்கள் தந்தார்கள், மீதி சங்க நிதி. விவரம் பொருளாளர் அறிக்கையில் உள்ளது. ஒத்திகைக்கு வந்த வீரர்களுக்கும், கூலி குறைத்துக்கொண்ட எலக்ட்ரீஷியனுக்கும் சங்கத்தின் நன்றி.

இரண்டாவது படிக்கட்டு எந்தக் கட்டடத்திலும் இல்லை. தாழ்ப்பாளும் அலாரமும் அந்தக் குறையை ஈடுசெய்யாது. அடுத்தடுத்த இரண்டு மொட்டை மாடிகளை இரும்புப் பாலத்தால் இணைக்கலாம் என்பது ஒரு யோசனை. கட்டடப் பொறியாளரை அழைத்துச் சுவர்களின் வலுவைச் சோதிக்க ரூ.15,000 ஒதுக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். இன்னும் ஒப்புக்கொள்ளாத மூன்று உரிமையாளர்களைச் சந்திக்க வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குப் புறப்படுகிறேன். உடன் வர விரும்புபவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்கவும்.

செயலாளர்