பிளஸ் ஒன் ஆண்டைப் பிள்ளைகளுக்கே விடுங்கள்: மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் பெருமக்களுக்கு, வணக்கம்.

2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானபோது, பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு அந்தக் கல்வியாண்டிலிருந்தே கிடையாது என்று அறிவித்தார்கள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று ஆண்டுகள் மூச்சுவிடாமல் பொதுத்தேர்வு எழுதிய பிள்ளைகளை நெடுங்காலம் அருகில் இருந்து பார்த்த உடற்கல்வி ஆசிரியன் நான். இப்போது ஓய்வுபெற்றுவிட்டேன். செய்தியைக் கேட்டு மனம் குளிர்ந்தது. கூடவே ஒரு பயமும் வந்தது.

2018 மார்ச்சில் முதன்முறையாக அந்தத் தேர்வு நடந்ததற்குக் காரணம் என்ன என்பது உங்களுக்குத் தெரியும். பல பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமலே, இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தை உருவேற்றிக்கொண்டிருந்தன. தேர்வு போனதும் அந்தப் பழக்கம் திரும்பி வராது என்று யாரால் சொல்ல முடியும்? ஜூன் மாதமே பிளஸ் டூ புத்தகத்தைப் பிரித்துவிட்டால், அரசு கொடுத்த அந்த ஓராண்டு பிள்ளைகளின் கைக்கு வரவே வராது.

என் கோரிக்கை இதுதான். பதினொன்றாம் வகுப்பில் வாரத்துக்கு இரண்டு பாடவேளைகளை வாழ்க்கைத் திறன்களுக்கு ஒதுக்குங்கள். அவற்றையும் பி.டி. பீரியடையும் எந்தப் பாட ஆசிரியருக்கும் கடன் கொடுக்காதீர்கள்.

“சார், போர்ஷன் முடியவில்லை, இன்றைக்கு மட்டும் உங்கள் பீரியடைக் கொடுங்கள்” என்ற வேண்டுகோள் எல்லாப் பள்ளிகளிலும் உண்டு. கேட்கும் ஆசிரியர் மீது எனக்குக் கோபம் இல்லை. தேர்ச்சி விகிதம் குறைந்தால் விளக்கம் எழுத வேண்டியவர் அவர்தான். ஆனால் அப்படிப் போகும் மணி நேரங்களில் பிள்ளைகள் எதை இழக்கிறார்கள் என்பதை அருகிலிருந்து பார்த்தவன் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கபடியில் தோற்றவன் எதிரணிக்காரனின் கையைக் குலுக்கக் கற்பதற்குச் சில வாரங்கள் ஆகும். நடுவர் தவறாக ஊதிவிட்டால் கத்தாமல் போய்ப் பேசக் கற்பதற்கு இன்னும் கொஞ்சம் ஆகும். நம் ஊர்ப் பையன்களுக்கு அழுகையை நாம் அனுமதிப்பதில்லை, பயத்தையும் அனுமதிப்பதில்லை. எஞ்சுவது கோபம் ஒன்றுதான். அவமானம், ஏமாற்றம், பொறாமை, தனிமை எல்லாம் அந்த ஒரே வழியாக வெளியே வருகின்றன. பிறகு ‘ரவுடிப் பையன்’ என்று பெயர் வைத்து, மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம்.

இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். மேசைக்கு எதிரே உட்கார வைத்து “என்ன பிரச்சினை, சொல்” என்றால் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது. விளையாட்டு விழாவுக்குச் சுண்ணாம்புப் பொடியில் ஓடுபாதை போடும்போது, நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளை தானாகவே பேசும். அப்பா குடித்துவிட்டு வருவது, வீட்டில் கல்யாணப் பேச்சு எடுப்பது, யாரோ செல்போனில் படம் கேட்டு மிரட்டுவது எல்லாம் இப்படித்தான் என் காதுக்கு வந்தன. கைக்கு ஒரு வேலையும் பக்கத்தில் அவசரப்படாத ஒரு பெரியவரும் இருந்தால் போதும், பேச்சு வந்துவிடும்.

உலக சுகாதார நிறுவனம் 1990களிலேயே பள்ளிகளுக்கென்று பத்து வாழ்க்கைத் திறன்களைச் சொன்னது. தன்னை அறிதல், பிறர் நிலையில் நின்று உணர்தல், முடிவெடுத்தல், உணர்ச்சிகளையும் மன அழுத்தத்தையும் கையாளுதல் எல்லாம் அதில் இருக்கின்றன. அவற்றைக் கரும்பலகையில் எழுதி நோட்டில் நகலெடுக்கச் சொன்னால் பழைய நீதிபோதனை வகுப்பாகத்தான் முடியும். நான் கேட்பது வேறு. வங்கிக்கு அழைத்துப்போய்ப் பணம் போடும் சீட்டைப் பையனே நிரப்பட்டும். உதவித்தொகை விண்ணப்பத்தைப் பெண்பிள்ளை தானே பதிவேற்றட்டும். ஓ.டி.பி. கேட்டு வரும் அழைப்பை நடித்துக் காட்டி, எப்படி மறுப்பது என்று பழகட்டும். ஆண்பிள்ளைகளும் சோறு வடிக்கட்டும். “எனக்கு விருப்பமில்லை” என்ற வார்த்தையை நண்பனிடமும், சித்தப்பாவிடமும், ஏன், ஆசிரியரிடமும் மரியாதை குறையாமல் சொல்லிப் பழகட்டும். இதற்குக் கேள்வித்தாள் வேண்டாம், மதிப்பெண் வேண்டாம். மதிப்பெண் வைத்த அன்றே இதற்கும் கைடு வந்துவிடும்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்கின்படி 2022-ல் இந்த நாட்டில் தற்கொலையால் நாம் இழந்த மாணவர்கள் 13,044 பேர். விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த 17 வயது மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் கல்வி நிறுவனங்களுக்கு 15 வழிகாட்டுதல்களை வகுத்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள நிறுவனத்தில் தகுதியுள்ள ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும். ஆசிரியர் முதல் அலுவலகப் பணியாளர் வரை எல்லோருக்கும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது மனநலப் பயிற்சி தர வேண்டும் என்பவை அவற்றில் அடங்கும். நம் மேல்நிலைப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றில் 100 பேருக்கு மேல் படிக்கிறார்கள். ஆலோசகரை நியமிப்பது உங்கள் கையில் இல்லை என்பதை அறிவேன். ஆனால் “எங்கள் பள்ளிக்கு ஆலோசகர் வேண்டும்” என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு மேலே அனுப்புவது உங்கள் கையில்தான் இருக்கிறது. அப்படி ஒருவர் வரும்போது, வராந்தா மூலையில் தனி அறை கொடுத்துப் பெயர்ப்பலகை மாட்டாதீர்கள். அந்த அறைக்குள் போகும் பிள்ளைக்கு மறுநாளே பட்டப்பெயர் விழும். மைதானத்துக்கும் சத்துணவுக் கூடத்துக்கும் அவரை அனுப்புங்கள். நான் சொல்லும் அந்த இரண்டு பாடவேளைகளில் அவர் எல்லாப் பிள்ளைகளோடும் இருக்கட்டும்.

அதுவரை, டெலி-மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணான 14416-ஐ ஒவ்வொரு வகுப்பறையிலும் பிள்ளைகளின் கண்ணில் படும் உயரத்தில் எழுதி வையுங்கள்.

அடுத்த கல்வியாண்டுக்கான கால அட்டவணையை மே மாதக் கடைசியில் போடுவீர்கள். பிளஸ் ஒன் பிரிவுகளுக்கான அந்த இரண்டு கட்டங்களையும் முதலில் நிரப்பிவிட்டு, மற்ற பாடங்களைப் பிறகு எழுதுங்கள். பள்ளி திறந்த முதல் ஆசிரியர் கூட்டத்திலேயே, அவற்றை யாரும் கடன் கேட்கக் கூடாது என்று நீங்களே சொல்லிவிடுங்கள். உடற்கல்வி ஆசிரியர் அதைச் சொன்னால் எடுபடாது. தலைமை ஆசிரியர் சொன்னால் எடுபடும்.

நன்றியுடன்,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்