ஷாம்பெயின் கமிட்டிக்கு: அந்த 28 ஹெக்டேரை விட்டுடுங்க

பிரான்ஸ்ல எபெர்னேல இருக்கற, ஷாம்பெயின் வைன் பண்றவங்களோட சங்கமான ஷாம்பெயின் கமிட்டிக்கு வணக்கம். ஷாம்பெயின்னே பேர் உள்ள ஒரு சுவிஸ் கிராமம் தன் 28 ஹெக்டேர் தோட்டத்து வைன்ல ஊர் பேரைப் போட நீங்க விடமாட்டேங்கறீங்க, அதப் பத்திதான் எழுதறேன்.

ஷாம்பெயின்ங்கற பேரு உங்க பகுதி வைனுக்கு மட்டும்தான்னு நீங்க போடற சண்டையில முக்காவாசி நான் உங்க பக்கம்தான், அதை முதல்லயே சொல்லிடறேன். 1993ல ஈவ் சான் லோரான்ங்கற ஃபேஷன் கம்பெனி ஒரு சென்ட்டுக்கு ஷாம்பெயின்னு பேர் வச்சப்ப கோர்ட்டுக்குப் போய் மாத்த வச்சீங்க, சரியான காரியம், அந்த சென்ட்டுக்கும் உங்க மண்ணுக்கும் எந்த ஒட்டும் உறவும் கிடையாது.

ஆனா அந்தப் பேரு உங்களுக்காக மட்டும் பொறந்தது இல்லயே. லத்தீன்ல கம்பானியான்னா திறந்த வெளி நிலம், அப்படி நிலம் இருந்த ஊருக்கெல்லாம் அந்தப் பேரு வந்துச்சு, அங்கேருந்து பொழைக்கப் போனவங்க கூடவே குடும்பப் பேராவும் போச்சு. கியூபெக்லயும் லூசியானாவுலயும் ஷாம்பெயின்ங்கற சர்நேம் சாதாரணம், 2025ல கனடா நிதியமைச்சர் ஆனவரே பிரான்சுவா-ஃபிலிப் ஷாம்பெயின்தான். உலக வர்த்தக அமைப்போட டிரிப்ஸ்ங்கற அறிவுசார் சொத்து ஒப்பந்தத்துல 24ஆவது ஆர்ட்டிகிள், 8ஆவது பத்தி இவங்களுக்காகவே இருக்கு, ஜனங்களை ஏமாத்தாத வரைக்கும் ஒருத்தர் தன் சொந்தப் பேர்ல வியாபாரம் பண்ற உரிமையத் தொடக்கூடாதுன்னு.

சரி, அந்தப் பேரு உள்ள மனுஷனுக்கு இந்தப் பாதுகாப்பு இருக்கு. அந்தப் பேரு உள்ள ஊருக்கு?

சுவிட்சர்லாந்துல வோ மாநிலத்துல, நியூஷாட்டல் ஏரிப் பக்கம் ஷாம்பெயின்னு ஒரு கிராமம், நான் பக்கத்துல இவெர்தோன் ஊர்ல வேலை பார்த்தப்ப லீவு நாள்ல சைக்கிள்ல அந்தப் பக்கம் போவேன், ஊர் போர்டுல பெருசா அந்தப் பேரு இருக்கும், அங்க விளையற வைன் பாட்டில்ல மட்டும் இருக்கக்கூடாது! 885லயே ஏட்டுல பதிவான ஊர் அது, உங்க வைன்ல நுரை வர்றதுக்குப் பல நூறு வருஷம் முன்னாடி. அவங்க போடறது ஷாஸ்லா திராட்சையில சாதா வெள்ளை வைன், நுரையே கிடையாது, யாரும் அதை உங்களோடதுன்னு நெனச்சு வாங்கப் போறதில்ல. 1999ல சுவிஸ் அரசு ஐரோப்பிய யூனியனோட போட்ட ஒப்பந்தத்துல அந்தப் பேரை விட்டுக் குடுத்துட்டாங்க, 2004லேருந்து லேபிள்ல போட முடியல. 2021ல மாநில அரசு "ஷாம்பெயின் கிராமம்"னு போட்டுக்கலாம்னு ஒரு வழி பண்ணுச்சு, நீங்க கோர்ட்டுக்குப் போய் அதையும் நிறுத்திட்டீங்க. உங்ககிட்ட கிட்டத்தட்ட 34,000 ஹெக்டேர் திராட்சைத் தோட்டம், அவங்ககிட்ட 28. இது எனக்கு மனசே ஆறல.

அதே டிரிப்ஸ்ல 23ஆவது ஆர்ட்டிகிள், 3ஆவது பத்தி என்ன சொல்லுதுன்னு உங்க வக்கீல்களுக்குத் தெரியும், ஒரே பேர்ல ரெண்டு ஊர் வைன் இருந்தா ரெண்டுக்கும் பாதுகாப்பு குடுத்து, குழப்பம் வராம பிரிச்சுக் காட்டணும். ஸ்பெயின்ல ரியோஹாங்கற பகுதியில வைன் பண்றவங்களும் அதே பேர் உள்ள அர்ஜென்டினாவோட லா ரியோஹா மேல கேஸ் போட்டாங்க, 2011ல அர்ஜென்டினா கோர்ட் ஒத்துக்கல, இன்னைக்கு "லா ரியோஹா அர்ஜென்டினா"ன்னு நாட்டுப் பேரோட பாட்டில் வருது, ஸ்பெயின் ரியோஹா ஒண்ணும் அழிஞ்சு போயிடல.

அதனால கேக்கறது இவ்ளோதான். பின்னாடி ஒட்டற லேபிள்ல, சின்ன எழுத்துல, சுவிட்சர்லாந்துன்னு சேர்த்து அவங்க ஊர் பேரைப் போட்டுக்கட்டும், எழுத்து எவ்ளோ பெருசு இருக்கணும்னு நீங்களே சொல்லுங்க. அடுத்த தடவை அந்த மாநிலம் இப்படி ஒரு திட்டம் கொண்டுவந்தா கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு நாள் அந்த ஊருக்குப் போய் அந்த விவசாயிங்களோட உக்காந்து பேசுங்க.