வாசிகசாலையின் திறப்பு

அன்புள்ள மகனுக்கு,

நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். மழை பிந்தியதால் விதைப்பு மட்டும் சற்றுச் சுணங்கிவிட்டது. சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ, "புத்தகமெல்லாம் போனிலேயே கிடைக்கும்போது அந்தப் பழைய கட்டிடத்துக்காக ஏனம்மா ஊரே திரண்டு நிற்கிறீர்கள்?" என்று கேட்டாய். அப்போது எனக்கு மறுமொழி வரவில்லை. ஆகவேதான் எழுதுகிறேன்.

வாசகர் வரவு குறைவு, கூரை பழுது, ஆளணி இல்லை என்று மூன்று காரணங்களைக் காட்டி, வாசிகசாலையை மூடி நூல்களைத் தலைமை நூலகத்துக்கு மாற்றப்போவதாகப் பிரதேச சபையிலிருந்து கடிதம் வந்தது ஒக்டோபரில், அதாவது நாடு முழுவதும் வாசிப்பு மாதம் கொண்டாடுகிற மாதத்தில். 2023 மார்ச்சில் பிரதேச சபைகளின் பதவிக்காலம் முடிந்து, 2025 மே 6 ஆம் திகதி தேர்தல் நடக்கும் வரை, கூரை ஒழுகுகிறது என்று சொல்வதற்குக்கூட நமக்கு ஒரு வட்டார உறுப்பினர் இருக்கவில்லை. அந்த இரண்டு மாரியிலும் ஒழுகிய நீர்தான் இன்று ஒரு காரணமாகக் கடிதத்தில் ஏறியிருக்கிறது.

கோயில் நிர்வாகியான வண்ணக்கர் மண்டபத்தைத் திறந்துவிட, இதைப் பேச ஊர்க் கூட்டம் அங்கேயே நடந்தது. பேசிய இளைஞர் ஒருவர், 1981 இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தை நினைவூட்டி, அதே கொடுமை இங்கும் நடப்பதாகச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள், எனக்குக் கை எழவில்லை. அங்கே எரித்தவர்கள் வேறு யாரோ. இங்கே உள்ளே போகாமல் விட்டவர்கள் நாங்கள். இரண்டு வேலி தள்ளிக் குடியிருக்கும் நானே நான்கு வருடமாக அந்த வரவுப் பதிவேட்டில் ஒப்பமிடவில்லை என்பதை எழுந்து சொன்னேன். அப்பா என்னை முறைத்துப் பார்த்தார். ஆனால் அதற்குப் பின்தான், மகஜரில் கையெழுத்து வாங்குவதோடு நின்றால் போதாது, ஆளுக்கொரு அங்கத்துவ அட்டை எடுக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தது.

அடுத்த மூன்று வார இறுதிகளும் சிரமதானத்திலேயே போயின. ஊர் மேசன்மார் கூலி வாங்காமல் ஓடு மாற்றினார்கள். நாங்கள் பெண்கள் நூல்களை வெளியே எடுத்து, நெல் காயப்போடும் பாய்களில் பரப்பினோம். கீழ்த்தட்டில் முதுகுமட்டை அழகாக இருந்த ஒரு கலைக்களஞ்சியத் தொகுதியைத் தூக்கினேன். அட்டை என் கையில் நிற்க, உள்ளே இருந்ததெல்லாம் கறையான் மண்ணாக உதிர்ந்து கொட்டிற்று. வந்து சேரும் நூல்களை இலக்கமிட்டு எழுதும் பழைய சேர்வுப் பதிவேடும் அகப்பட்டது. 1978 நவம்பர் சூறாவளியில் நனைந்து மை கலைந்த பக்கங்களில், எழுத்துத் தெரியாத இலக்கங்களை யாரோ சிவப்பு மையால் மீண்டும் ஒவ்வொன்றாக எழுதி வைத்திருக்கிறார்கள். கூரைகள் பறந்து, தென்னைகள் முறிந்து கிடந்த அந்த நாட்களில் இந்த வேலைக்கு உட்கார்ந்த மனிதர் யாரென்று பெத்தா இருந்திருந்தால் சொல்லியிருப்பார்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். பின்வளவுப் பிள்ளை இந்த முறை சாதாரண தரம் எழுதுகிறாள். அந்த வீட்டில் இருப்பது ஒரே ஒரு போன். அதுவும் தகப்பனோடு வயலுக்குப் போய்விடும். இரவு வந்தாலோ தம்பிமார் மூவரும் தொலைக்காட்சியும் ஒரே அறைக்குள். அவளுக்கு வேண்டியது ஒரு மேசை, ஒரு விளக்கு, இரண்டு மணி நேர அமைதி. 2014 இல் வாவியின் குறுக்கே மண்முனைப் பாலம் திறந்தபின், மேற்குக் கரையான நம் படுவான்கரைக்கு மட்டக்களப்புப் பட்டினம் கிட்டவாகிவிட்டது என்பாய். மோட்டார் சைக்கிள் உள்ளவனுக்குத்தான் மகன் அது கிட்ட. பொழுதுபட்டபின் பெண்பிள்ளையைத் தனியே பஸ்ஸில் அனுப்ப எந்தத் தாய் சம்மதிப்பாள்? நீ உயர்தரம் படித்தபோது சன்னலோரத்து மேசையைப் பிடிப்பதற்காகத் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு ஓடியதை நான் மறக்கவில்லை.

மூடும் முடிவு கைவிடப்படவில்லை, ஆறு மாதம் தள்ளிப்போடப்பட்டிருக்கிறது. அதுவரை வரவையும் இரவலையும் எண்ணிப் பார்ப்பார்களாம். எண்ணட்டும். சனி, ஞாயிறுகளில் வாசகர் வட்டத்தார் முறைவைத்துத் திறப்பதற்கு அனுமதி கிடைத்திருக்கிறது.

பணம் அனுப்புவதாகச் சொன்னாய். கட்டிடத்துக்கு இப்போது தேவையில்லை. உன் நண்பர்கள் அங்கே கழித்துவிடும் ஆங்கில நாவல்களைப் பெட்டியில் கட்டி அனுப்பும் யோசனையையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். முன்பு அப்படி வந்தவற்றில் இரண்டு பெட்டி இன்னும் பிரிக்காமலே கிடக்கிறது. தமிழ்மொழி மூலக் கணித, விஞ்ஞானக் கடந்தகால வினாத்தாள் தொகுப்புகள்தான் தட்டில் நிற்காமல் ஓடுகின்றன. கொழும்பில் உள்ள மாமாவிடம் சொல்லி, அவற்றில் ஐந்தாறு பிரதிகள் வாங்கிப் பஸ்ஸில் போட்டுவிடச் செய்.

இன்று சனிக்கிழமை, என் முறை. திறப்பு என்னிடம்தான் இருக்கிறது. இரண்டு மணிக்கே பிள்ளைகள் படலையில் வந்து நிற்பார்கள். மிகுதியைப் பிறகு எழுதுகிறேன்.

அன்புடன்,
அம்மா