பட்டறையை ஏன் எழுதவில்லை? – மெக்கானிக்கல் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இந்த வருடம் டிப்ளமோவும் பி.இ.யும் முடிக்கப்போகிற தம்பி, தங்கைகளுக்கு,

வணக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரிபாகம் செய்கிற சின்னக் கம்பெனி ஒன்றில் பதினோரு வருடமாக ஆள் எடுக்கிற வேலை என்னுடையது. மே, ஜூன் வந்தால் மேஜை நிறைய ரெஸ்யூம்தான். டீ ஆறுவதற்குள் இருபதைப் புரட்டிவிடுவேன். அதில் பதினெட்டு ஒரே ரெஸ்யூம்; பெயர் மட்டும் வேறு. நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பாடுபடுவதே என் குறிக்கோள் என்று மேலே இங்கிலீஷில் ஒரு வரி இருக்குமே, அதை நீங்கள் சீனியரிடமிருந்து எடுத்தீர்கள், அவர் அவருடைய சீனியரிடமிருந்து எடுத்தார். நான் அதைப் படிப்பதே இல்லை.

போன வருடம் ஒரு பையன் வந்தான். ரெஸ்யூமில் பாதிப் பக்கத்துக்கு சோலார் வண்டி ப்ராஜெக்ட். "மோட்டார் எத்தனை வாட்ஸ்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். "காசு கொடுத்து வாங்கினது சார்."

சரி, அனுப்பிவிடலாம் என்று நினைத்தபோதுதான் அவன் கையைக் கவனித்தேன். நக இடுக்கில் கறுப்பு ஆயில். விசாரித்தால், மூன்று வருடமாக ஞாயிறுதோறும் சித்தப்பாவின் லேத் பட்டறையில் த்ரெட் போடுகிறானாம். மேஜையில் கிடந்த, வளையம் மாதிரியான புஷ் ஒன்றையும் அளக்கிற வெர்னியரையும் கொடுத்தேன். முதலில் புஷ்ஷை சட்டையில் துடைத்தான், அப்புறம் அளந்தான். "32.46 சார்." நானும் அளந்து பார்த்தேன், சரிதான். பட்டறையை ஏன் எழுதவில்லை என்றதற்கு, "அதெல்லாம் போய் எழுதுவாங்களா சார்?" என்றான். வேலை கொடுத்தோம்.

அதைத்தான் எழுத வேண்டும், அதுவும் முதல் பக்கத்தில். ஊரில் பம்ப்செட் பிரித்து மாட்டியது, மாமா கடையில் ஸ்டாக் பார்த்தது, எதுவாக இருந்தாலும் எத்தனை மாதம், என்ன மெஷின், நீங்கள் செய்தது என்ன என்று இரண்டு வரி போதும். வாங்கின ப்ராஜெக்ட்டைப் போட்டால் முதல் கேள்வியே அதில்தான் வரும்.

அப்புறம் சில்லறை விஷயங்கள். சப்ஜெக்ட் காலியாக விட்டு 'நியூ ஃபைனல் 3' என்று ஃபைல் அனுப்பாதீர்கள். ஃபைலுக்கு உங்கள் பெயரையும் படிப்பையும் வையுங்கள். சாதி, மதம், ஆதார் எண்ணெல்லாம் ரெஸ்யூமில் வேண்டாம். அரியர் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நவம்பரில் எழுதுகிறேன் என்றால் எங்களுக்கும் புரியும். சர்டிபிகேட் சரிபார்க்கிற அன்று தெரியவந்தால்தான் சங்கடம்.

சம்பளம் பற்றிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று யாரோ உங்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். கேளுங்கள். "கையில் எவ்வளவு வரும்?" என்றே கேளுங்கள். பொதுவாக பி.எஃப்.புக்கு, அதாவது வருங்கால வைப்பு நிதிக்கு, அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் போகும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டுக்கு 0.75 சதவீதம் போகும். கேன்டீன், பஸ் பிடிப்பு தனி. அப்ரெண்டிஸ் என்று எடுத்தால், 1961-ம் வருட அப்ரெண்டிஸ் சட்டத்தின் கீழ் பதிவு செய்வார்களா என்றும் கேட்டுவிடுங்கள். செய்தால் பி.எஃப். கிடையாது, ஆனால் பயிற்சியை முடித்தால் அரசுச் சான்றிதழ் உண்டு. செய்யாவிட்டால் நீங்கள் பெயருக்குத்தான் அப்ரெண்டிஸ்.

ஆஃபர் லெட்டருக்கு முன்னால் யூனிஃபார்ம் காசு, ட்ரெய்னிங் டெபாசிட் என்று யாராவது பணம் கேட்டால் அது வேலையே இல்லை. ஏற்கெனவே ஜிபே பண்ணிவிட்டீர்களா? வெட்கப்பட்டு உட்காராமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு போன் போடுங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் காட்டலாம், கொடுத்துவிட்டு மட்டும் வராதீர்கள்.

மேஜையில் இன்னும் நாற்பது கிடக்கிறது. டீயும் ஆறிவிட்டது.

இப்படிக்கு,
உங்கள் ரெஸ்யூமைப் படிக்கிற ஆள்