இறக்கையை நீங்கள் ஒட்டிக் கொடுக்காதீர்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று வாரமாகக் கடைசி பீரியடில் பால்சா மர விமானம் செய்துகொண்டிருக்கிறார்கள், நான்கு பேருக்கு ஒரு கிட். போன வெள்ளிக்கிழமை இறக்கையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம். திங்கட்கிழமை வந்ததில் சில இறக்கைகள் கடையில் வாங்கியது மாதிரி அவ்வளவு சுத்தம். கேட்டால், "அப்பா ஒட்டிக் கொடுத்தாங்க சார்", "மாமா முடிச்சுக் கொடுத்தாங்க சார்" என்கிறார்கள். பாசத்தில் செய்தது, புரிகிறது. ஆனால் தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

பால்சா நம் ஊர் மரம் இல்லை. பெரும்பாலும் தென் அமெரிக்காவின் ஈக்வடாரிலிருந்து வருகிறது, நம் இலவ மரத்துக்குச் சொந்தம். ஒரு கன மீட்டர் தேக்கு 600 கிலோவுக்கு மேல் இருக்கும், பால்சா 150 கிலோ அளவில்தான். அவ்வளவு லேசாக இருப்பதால்தான் ஒரு ரப்பர் பேண்ட் முறுக்கில் விமானம் மேலே போகிறது, அவ்வளவு மென்மையாக இருப்பதால்தான் பிள்ளைகளின் கையில் உடைகிறது. மழுங்கின பிளேடு அதை வெட்டாது, நசுக்கும். ஒரே அழுத்தாக அழுத்தினாலும் பிளந்துகொள்ளும், மூன்று நான்கு முறை லேசாகக் கீறித்தான் எடுக்க வேண்டும். இது சொல்லி வருவதில்லை, நாலு துண்டு வீணானால் வரும்.

ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். வீட்டில் கொலுசு வேலை. மற்றவர்கள் பசையை நேராகப் பிழிந்துகொண்டிருந்தார்கள், இவள் ஒரு சொட்டைக் காகிதத்தில் விட்டு, குண்டூசி முனையால் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு மூட்டிலும் வைத்தாள். கொலுசைப் பற்றவைக்கப் பொடி வைத்து ஊதுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்த கண் அது. அப்படியும் அவள் குழுவின் இறக்கையில் ஒரு குறுக்குச் சட்டம் இரண்டாக உடைந்தது. கண் கலங்கிவிட்டது. அப்புறம் கிட்டில் மிஞ்சின பலகையில் பழைய துண்டை வைத்து வரைந்து, மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, புதிதாக ஒன்று வெட்டினாள். நான் பக்கத்தில் நின்றேன், கை வைக்கவில்லை. கை வைக்காமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கும் தெரியும்.

ரைட் சகோதரர்களுக்கு 1878-இல் அவர்கள் அப்பா ஒரு பறக்கும் பொம்மை வாங்கி வந்தார். தக்கை, மூங்கில், காகிதத்தில் செய்தது, ரப்பர் பேண்டில் சுற்றுவது. அது உடைந்த பிறகு பிள்ளைகளே அதே மாதிரி செய்து பார்த்தார்கள். பெரியவருக்கு அப்போது 11 வயது, சின்னவருக்கு 7.

இந்த வாரம் இறக்கையின் மேல் டிஷ்யூ பேப்பர் ஒட்டுகிறோம். ஒட்டிய பிறகு தண்ணீர் தெளித்தால் காயும்போது இழுத்துக்கொண்டு மத்தளத் தோல் மாதிரி விறைப்பாகும். காயும் வரை இறக்கையைப் பலகையோடு குண்டூசி குத்தி வைக்க வேண்டும், இல்லையென்றால் முறுக்கிக்கொள்ளும், விமானமும் ஒரே பக்கமாகச் சாயும். வீட்டில் அப்படிக் குத்தி வைத்திருந்தால் சாமி அறையோ பரணோ, யார் கையும் படாத இடமாகக் கொடுங்கள், ஃபேனுக்கு அடியில் மட்டும் வேண்டாம். பெவிக்விக் வாங்கிக் கொடுக்காதீர்கள், விரலோடு விரல் ஒட்டிக்கொள்ளும். ஃபெவிகால் போதும், மெதுவாகக் காயட்டும். பிளேடு வேலை பள்ளியில் மட்டும்தான், ஆசிரியர் முன்னால்.

"இதுக்கெல்லாம் மார்க் உண்டா சார்?" என்று ஒரு அம்மா கேட்டார். இல்லை. அதனால்தான் உடைந்தாலும் பரவாயில்லை என்று சொல்ல முடிகிறது.

வரும் சனிக்கிழமை காலை 7 மணிக்கு நம் மைதானத்தில் பறக்க விடுகிறோம். வெயில் ஏறினால் சேர்வராயன் மலைப் பக்கம் போகிற பஸ் சத்தத்தோடு காற்றும் கிளம்பிவிடும், அதனால் நேரத்துக்கு வாருங்கள். முதலில் ரப்பர் முறுக்காமல், புல் இருக்கிற பக்கம் கையால் மெல்ல விட்டுப் பார்ப்போம். மூக்கைத் தூக்கி, நின்று, பொத்தென்று விழுந்தால் மூக்கில் கொஞ்சம் களிமண் வைக்க வேண்டும், நேராகத் தரையில் குத்தினால் எடுக்க வேண்டும். எவ்வளவு என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் வேடிக்கை பாருங்கள். வேலை நாளாக இருந்தால் ஒரு மணி நேரம் பெர்மிஷன் கேட்டாவது வாருங்கள், தாத்தா பாட்டி வந்தாலும் சந்தோஷம். நிழலில் பெஞ்ச் போட்டு வைக்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்